நாலாவது சீட்டில் ரைன்

ஜெபசிங் ரைன் நதியில் துணி துவைக்கிறான்.
நதியில் இல்லை,
நதிமேல் போகிற உல்லாசக் கப்பலில்,
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே
மூன்று இயந்திரங்கள் சுற்றும் ஓர் அறையில்.
முழுசாகச் சொல்லவிடுவதில்லை சொந்தக்காரர்கள்.
"ஐரோப்பாவிலா!" என்றதும்
அவர்களுக்குக் கதை முடிந்துவிடுகிறது.

நாளொன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு துண்டு.
தலையணை உறை தனிக் கணக்கு.
அவன் படுக்கிற அறைக்குச் சன்னல் ஒரு சாண்,
சரியாக நீர் தளும்பும் உயரத்தில்.
அன்னம் வந்தால்
அடிவயிறு மட்டும் தெரியுமாம்.
"ஒண்ணும் வெள்ளை இல்ல,
சோடா போட்டு ராத்திரி ஊற வைக்கணும்" என்பான்.

போன செவ்வாய்
கோட்டைகள் வருகிற நாள்.
வளைவுக்கு ஒரு கோட்டை என்று நோட்டீஸில் போட்டிருக்க,
மடியில் கம்பளி, கையில் சூப்போடு
பயணிகள் எல்லாரும் மேல்தளத்தில்.
துண்டு கேட்க ஆளில்லாத பத்து நிமிடம்.
பின்படியில் ஏறி
லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குப் பின்னால் நின்று
என்னைக் கூப்பிட்டான்.

அங்கே மதியம் இரண்டரை.
இங்கே மாலை ஆறு, நெருல் தாண்டிய லோக்கல்.
பல் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் டோக்கன் எழுதிய கையோடு
லேடீஸ் டப்பாவில்,
மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக,
ஒரு தொடை உள்ளே ஒரு தொடை வெளியே.

"பாரு" என்றான். போனைத் திருப்பினான்.

முதலில் அவன் கட்டைவிரல் தெரிந்தது.
அப்புறம் மலை,
மலை முழுக்கக் கோடு கிழித்த மாதிரி திராட்சைக்கொடி.
"பறிக்கிறவ வழுக்கி விழ மாட்டாளா?"
வெந்தயக்கீரை ஆய்வதை நிறுத்தாமல்
மங்கல்தாயி இந்தியில் கேட்டாள்.
என் போனின் விரிசல்
ரைனுக்கு ஒரு கிளைநதி சேர்த்திருந்தது.
அதைத் தாண்டி ஒரு கோட்டை வந்தது,
பாதி இடிந்து, உச்சியில் கொடியோடு.

"இப்ப யாரு இருக்காங்க உள்ளே?"
"ஹோட்டலாம்."
"அவ்வளவு உசரத்துக்குத் தண்ணி எப்படி?
மோட்டாரா, டேங்கரா?"
மான்குர்த் ஃபர்ஸானாவுக்கு
வீட்டில் காலை நாலு மணிக்குத்தான் குழாய் வரும்.
காலேஜ் பெண்ணொருத்தி
பச்சை நிஜமில்லை, ஃபில்டர் என்றாள்.
வளையத்தில் கிளிப் கோத்து விற்றுவந்தவள்
வாஷி வந்தும் இறங்கவில்லை.
விற்கவும் இல்லை.
ஏழு தலை, ஒரு போன்,
எவளோ தலையில் வைத்த மல்லிகை என் கன்னத்தில்.

பாலம் ஏறியதும் படம் நின்றுவிட்டது.
இரண்டாவது கோட்டை பாதிதான் வந்திருந்தது,
மேகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது.
யாரும் நிமிரவில்லை.
கொஞ்ச நேரம் நின்ற நதியையே பார்த்தோம்.
முதலில் கிளிப்காரிதான் கதவுப்பக்கம் திரும்பினாள்.
கீழே காடி.
வற்றிய நேரம், சேறு மினுமினுத்தது,
தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கறை
எழுந்து, இடம் மாறி, உட்கார்ந்தது.
"ஃபிளமிங்கோ" என்றாள் ஃபர்ஸானா,
பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வது போல.

மான்குர்த்தில் சிக்னலும் செய்தியும் சேர்ந்து வந்தன:
மேனேஜர். ராத்திரி பேசறேன்.

ராத்திரி என்றால் அவனுக்கு. எனக்கு ஒன்றரை மணி.
குடிநீர்க் குடம் பக்கத்தில் படுத்தபடி எடுத்தேன்.
"எப்படி இருந்துச்சு?"
"நீதானே காட்டினே?"
"போனைத்தான் அந்தப் பக்கம் காட்டினேன்.
நான் ஸ்கிரீனையில்ல பார்த்துக்கிட்டிருந்தேன்,
உங்க டப்பாவை.
யாரு அந்தக் கீரைக்காரம்மா?
சிரிக்கவே மாட்டாங்களா?"

ஆறு மாதமாக அங்கே இருப்பவனுக்கு
நான் கோட்டைகளைச் சொல்லத் தொடங்கினேன்.
பார்த்தது ஒன்றரை.
சொன்னது நாலு.
மூன்றாவதற்குப் பாலம் வைத்தேன், சேறு வைத்தேன்,
மதிலோரம் இளஞ்சிவப்புப் பறவைகளை நிறுத்தினேன்.
உம் கொட்டிக்கொண்டே வந்தான்.
"கடைசியில ராணி இருந்தாளா?"
"இருந்தா. மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு."

சற்று நேரம்
சன்னலில் தண்ணீர் இடிக்கிற சத்தம் மட்டும்.

"எத்தனை துண்டு?" என்று கேட்டான்.