அரைமணி நேரம்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் விடியக்காலை மூணரைக்கு
என் வாய்தான் கடை திறக்கும்.
முருங்கைக்கும் தடியங்காய்க்கும்
கேரளா லாரிக்காரன் தூக்கத்துக்கும்
பத்தொம்பது வருஷமாய் விலை சொன்ன வாய்.

போன ஆவணியில் மிளகாய் ஏலம்.
மூட்டை அவிழ்த்த நெடிக்கே
கன்னத்துக்குள் யாரோ தீக்குச்சி உரசினான்.
நூத்தி நாப்பது என வரவேண்டியது
நூத்தியோடு நின்றது.
நூறுக்கே தட்டிக்கொண்டு போனான் செங்கோட்டைக்காரன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
டாக்டரம்மா கன்னத்தை மடக்கி டார்ச் அடித்து
கண்ணாடியை என் பக்கம் திருப்பினார்.
சிவந்த சதையில் வெள்ளை வெள்ளையாய்ப் பின்னல்,
உள்ளே ஒரு சிலந்தி குடித்தனம் இருப்பது போல.
கடுகளவு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.
வந்த சீட்டில் லைக்கன் பிளானஸ்.
தமிழில் என்னம்மா என்றேன்.
"லைக்கன்னா கல்பாசி. சால்னாவுக்குப் போடுவீங்கல்லா, அது.
பேரு மட்டும்தான். ஒட்டாது, அடுத்தாளுக்குப் பரவாது."
"போயிருமா?"
"அடங்கும்."
ஒரே சொல்லில் விலை சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

ராத்திரி சாப்பிட்டு வாய் கொப்பளித்து
பஞ்சால் ஈரம் ஒற்றி
பட்டாணியில் பாதி பசை வைக்கணும்.
தேய்க்கக் கூடாது, மணல் மணலாய் உதிரும்.
பிறகு அரைமணி நேரம்
தண்ணி இல்லை, பேச்சு இல்லை, வெத்திலை இல்லை.
வெத்திலை இனி எப்பவுமே இல்லை.

முதல் ராத்திரி
பரமகல்யாணி கட்டில் ஓரம் உட்கார்ந்து
கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஆரம்பித்தாள்.
வளையல் அடகுக்குப் போன வருஷம்.
தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் வராதது.
மூத்தவளுக்கு மெட்ராஸ் எதுக்கு, அம்பை காலேஜ் போதும் என்று
சாப்பிட்ட கையோடு நான் அடித்த முடிவு.
குரல் உயரவில்லை.
தராசில் படிக்கல் வைப்பது போல வைத்தாள்.
குறுக்கே பாய நாக்கு எழுந்தது,
பசை பிடித்து உட்கார வைத்தது.

இருபத்தி மூணாவது நிமிஷம்
என் தோள்துண்டை இழுத்து
இரண்டு பேர் கைமேலும் போட்டாள்.
மேலப்பாளையம் சந்தையில் அவள் அப்பா
மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான்.
"சொல்லும். இம்புட்டுக்கும் எவ்வளவு தருவீரு?"
துணிக்கடியில்
அவள் விரல் அஞ்சையும் பிடித்தேன்.
"அஞ்சா? அஞ்சு என்னது?"
நான் விடவில்லை.

இப்போ எரிச்சல் அடங்கியிருக்கு.
பின்னல் அங்கேயேதான்.
வேறொண்ணாய் மாறிவிடாமல் இருக்கிறதா என்று
ஆறு மாசத்துக்கொருக்கா டார்ச்.
தினமும் போட்டால் பூஞ்சை பிடிக்குமாம்,
வாரம் ரெண்டு நாள் போதும் என்று குறைத்துவிட்டார்கள்.

கல்யாணியிடம் இன்னும் சொல்லவில்லை.
மத்த நாளெல்லாம்
வெறும் விரலைக் கன்னத்துக்குள் விட்டு எடுத்து
கடிகாரத்துக்கு நேராக உட்காருகிறேன்.