காந்தம்

தேவனாம்பட்டினத்தில் எனக்கு நாற்பது வீடு.
கையில் படிவம், பையில் ஒரு காந்தம்.
ஒட்டுகிற பாத்திரம்தான் மின்னடுப்பில் சூடாகும்.
அடுப்புக்குப் பாதி விலை அரசு தரும்,
பாத்திரத்துக்குத் தராது.

அஞ்சலாட்சி ஒவ்வொன்றாய் எடுத்துவைத்தாள்.
சோற்றுக்குண்டான் அலுமினியம்.
மீன்குழம்புச் சட்டி மண்.
புயல் நிவாரணத்தில் வந்த தூக்குவாளி
அரசு கொடுத்ததுதான்,
அதுவும் ஒட்டவில்லை.

தோசைக்கல்லில் மட்டும்
டக்கென்று உட்கார்ந்தது.
"அப்ப நெதம் தோசைதானா சார்?"

மீட்டர் யார் பேரில் என்றேன்.
மாமனார் பேரில்.
அலை அவரைக் கொண்டுபோனது
கல்யாணத்துக்கு முந்தின டிசம்பரில்.
முகம் பார்த்ததில்லை,
மாசந்தவறாமல் அவர் பேருக்குப் பணம் கட்டுகிறாள்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று,
பெயர் மாற்றம், அப்புறம் மானியம்
என்று நான் அடுக்க அடுக்க
காந்தத்தை வாங்கி
விளையாட்டாய் சிலிண்டரில் வைத்தாள்.
பிடித்த பிடியில் விடவில்லை.
இரண்டு பேரும் இழுத்தோம்.

குறிப்பு என்ற கட்டத்தில்
ஒரு விரல் அகலம்தான் இடம்.
'தோசைக்கல் உண்டு' என்று எழுதிவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.