கலைந்ததற்குக் காரணம்

இங்கே என் மேலதிகாரி கடல்.
அது ஏறும் நேரம் பார்த்துத்தான்
ஆட்களுக்கு முறை போடுகிறேன்.
வியாழன் மாலை ஐந்து நாற்பது.
வெள்ளி ஆறரை.
ஞாயிறு மதியம்தான் எனக்கு வசதி என்றாள் ஒருத்தி.
ஞாயிறு மதியம் கடல் இருக்காதே என்றேன்.
தொலைபேசியில் நெடுநேரம் சிரித்தாள்.
பிறகு வரவேயில்லை.

ஃபண்டி விரிகுடாவின் ஓரம்,
ஜூலைக் கடைசியிலிருந்து ஆறு வாரம்:
ஒரு மரக் குடில், ஒரு தொலைநோக்கி, நீளமாய் ஒரு கயிறு,
பதினோரு தன்னார்வலர்கள்.
அதில் இரண்டு பேருக்கு
ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது
கழிவறை எங்கே.
அடுத்தது, பறவை எங்கே.
கரையைக் காட்டுவேன்.
வெறும் கல்தானே என்பார்கள்.
கொஞ்சம் பொறுங்கள் என்பேன்.
கல் கண் திறக்கும்.

மேசைமேல் இரண்டு துணிப்பை,
உள்ளே உலர்ந்த பட்டாணி.
ஒன்று இருபது கிராம்,
வடக்கிலிருந்து வந்து இறங்குகிற உள்ளான்.
மற்றது நாற்பது, கிளம்பும்போது.
நடுவில் நடந்ததெல்லாம்
சேறு, கூனி, கொஞ்சம் தூக்கம்.
அந்தத் தூக்கத்துக்குத்தான் நாங்கள் காவல்.
தென் அமெரிக்கா வரை, இரவு பகலாய் மூன்று நாள்,
வழியில் உட்கார ஒரு பாறை கிடையாது
என்று நான் சொல்லும்போது
கனமான பையை
மெதுவாகக் கீழே வைப்பார்கள்.
சம்பளம் போதாத இந்த வேலையில்
அது என் போனஸ்.

ஒனெசிமுக்கு இது ஒன்பதாவது கோடை.
மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர்.
காது மந்தம், அதனால்
அவர் சொல்லும் ரகசியம் அடுத்த ஊருக்குக் கேட்கும்.
கயிற்றைத் தாண்டப் போகும் காலை
தாண்டுமுன்பே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த வியாழன்
கடல் முழுக்க ஏறியிருந்தது.
மிஞ்சிய மெல்லிய பட்டையில்
அறுபதாயிரம் உயிர், ஒற்றைக் காலில்.
கயிற்றுக்கு அப்பால் ஒரு பையன்.
பத்து வயது இருக்கும்.
எப்படிப் போனான், யார் பிள்ளை, தெரியவில்லை.
நின்றான், அவ்வளவுதான்.
விரல்கூட அசையவில்லை.
பக்கத்துப் பறவை ஒன்று
அவன் ஷூவின் நிழலில்
தலையைத் திருப்பி இறகில் செருகிக்கொண்டது.

ஒனெசிம் பார்த்தார்.
நான் கை உயர்த்துவதற்குள்
கத்தினார்.

கரை எழுந்தது.
வெள்ளை வயிறு, பழுப்பு முதுகு, மறுபடி வெள்ளை,
யாரோ துணியை இருபுறமும் புரட்டிப் பார்த்து
வாங்காமல் போவதுபோல.
இருபத்திரண்டு நிமிடம் சுற்றின.
இருபத்திரண்டு நிமிடக் கொழுப்பு.
கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
கலைந்ததற்குக் காரணம்:
பைரி, நாய், பார்வையாளர், தெரியவில்லை.
தெரியவில்லை மேல் பேனாவை வைத்தேன்.
எனக்குத் தெரிந்த நிர்வாகம் அது.
அவர் பேனாவை வாங்கி
கீழே ஐந்தாவது கோடு ஒன்று இழுத்துத்
தன் பெயரை எழுதினார்,
முழுப் பெயர், ஊரோடு.

பையன் அதற்குள் மேசைக்கு வந்திருந்தான்.
இரண்டு கையிலும் இரண்டு பை.
இப்ப அதுங்க எந்தப் பை? என்றான்.
நாற்பதுக்குக் கொஞ்சம் கம்மி என்றேன்.
அவன் கனத்ததின் முடிச்சை அவிழ்த்து
ஒரு பட்டாணியை எடுத்தான்.
யோசித்து இன்னொன்று.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஒனெசிமிடம் நீட்டினான்.
அவருக்கும் தெரியவில்லை,
வாயில் போட்டுக்கொண்டார்.
கடக்கென்று கேட்டது. பல் உடைந்ததோ என்று பயந்தேன்.

வெள்ளி, ஆறரை.
முறைப் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது.
பையை மட்டும் நான் இன்னும்
நிறுத்துப் பார்க்கவில்லை.