பன்னிரண்டு இறாத்தல்

பேலியகொடைக்கு மீன் ஏற்றும் லொறி.
கந்தளாய் தாண்டினால் இழுவை இல்லை என்கிறார் நிஸ்பர்.
"மூன்றாம் கியரில அழுகுது அண்ணன்.
ஐஸ் எனக்கு முந்திக் கொழும்புக்குப் போயிடும்,
தண்ணியா."

கெபினைச் சாய்த்துப் பார்த்தேன்.
டேர்போவின் இடுப்பில்
பால்பேணியில் பாதி அளவு ஒரு குடுவை,
அதிலிருந்து ஒரு தண்டு,
தண்டின் நுனியில் சின்னக் கதவு.
காற்று அளவு மீறினால் கதவு திறக்கும்;
புகை டேர்போவைத் தொடாமல்
பின்வழியால் போய்விடும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

சைக்கிள் பம்பில் மானியைச் செருகி மெல்ல அடித்தேன்.
நாலு இறாத்தலுக்கே தண்டு நகர்ந்தது.
ஸ்பிரிங் களைத்துவிட்டது.
யார் தட்டினாலும் எழுந்துபோய்த் திறக்கிற வீடு.

புதியது நிஸ்பரின் மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்தது.
நீல நிறம், தடித்த ஸ்பிரிங்.
துருவேறிய கிளிப்போடு முக்கால் மணித்தியாலம் சண்டை.
சீனக்குடாவில் பயிற்சி விமானம் ஒன்று
வேலையில்லாததுபோல் வட்டமடித்தது.

"இன்னும் ரெண்டு சுத்து இறுக்குங்க" என்றார்.
இறுக்கினேன்.
கேட்கிறவர்தானே காசு கொடுக்கிறவர்.

உவர்மலை ஏற்றத்தில் மிதித்தார்.
லொறி கயிறறுத்த மாடு.
ஊசி பத்து, பதினாலு, பதினெட்டு
ஹோஸ் வெடித்தது.
கடை வாசலில் பொலித்தீன் பையைக் குதறிக்கொண்டிருந்த
இரண்டு புள்ளிமான்கள் கடற்பக்கம் பாய்ந்தன.
நிஸ்பர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தார்.
எனக்கு வரவில்லை. ஹோஸ் என் கணக்கு.

மறுபடி சாய்த்து, மூன்று சுற்றுத் தளர்த்தி
லொக் நட்டைப் பூட்டினேன்.
பன்னிரண்டில் கதவு.
பதின்மூன்று என்ற பேச்சே இல்லை.
அவர் முகம் கொஞ்சம் வாடியது.

இரவு பழைய குடுவையை அறுத்துப் பார்த்தேன்.
றப்பர் நன்றாகத்தான் இருந்தது.
ஸ்பிரிங் மண்நிறம்.
அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை;
தொட்டு நாக்கில் வைத்தேன்.
துறைமுகக் காற்று
எந்த ஊசித்துளையால் நுழைந்ததோ,
எத்தனை வருடம் அங்கே குந்தியிருந்ததோ.

விடிய மூன்றரைக்குத் தம்புள்ளையிலிருந்து போன்.
"பன்னிரண்டிலயே நிக்குது அண்ணன்.
பாரை எல்லாம் கல்லு மாதிரிக் கிடக்கு."
கொஞ்சம் இரைச்சல். பிறகு,
"ஒரே ஒரு சுத்து மட்டும்..."

சத்தமாகக் கொட்டாவி விட்டேன்.