ஏறாத உப்பு

மணலியில் எல்லாமே காற்றில் ஏறிவிடும்.
கந்தகம் ஏறும், நாப்தா ஏறும்,
நைட் ஷிப்ட் முடித்த எபனேசரின் சட்டையில் ஏறி
திருவொற்றியூர் பஸ்ஸில் உட்காரும்.

இந்த உப்பு மட்டும் ஏறாது.
உப்புதான், ஆனால் அறைச் சூட்டிலேயே
உருகிக் கிடக்கும், தேன் பதத்தில்.
பொங்கல் லீவுக்குத் திறந்து வைத்துப் போனேன்.
வந்து நிறுத்தால்
குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது:
எண்ணூர் ஈரம்.

வினையூக்கியை அதில் கரைத்து
சவ்வின் துளைகளில் ஊறவைத்தேன்.
இந்தப் பக்கம் அமிலமும் ஆல்கஹாலும்.
சேர்ந்த கையோடு பிரிந்தும் போக வேண்டும்,
தாலி கட்டிய மேடையிலேயே
வழியனுப்புகிற மாதிரி.

இரண்டு பார் அழுத்தம் தாங்கியது.
மூன்றில் வியர்த்தது சவ்வு.
நாலு மாத வேலை
டிரேயில் சொட்டுச் சொட்டாக.
எபனேசர் ஓடிப்போய் வால்வை அடைத்தார்.
அப்புறம் மூக்கைத் தூக்கினார்:
"என்ன மேடம், வாழைப்பழமா?"

அந்தப் பக்கக் குழாயில்
அரை ஸ்பூன் எஸ்டர்.

வெளியே ரிஃபைனரி நெருப்பு
யாருக்கோ நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.
ஜன்னலைச் சாத்தினேன்.
தினமும் சாத்துவதுதான்,
உள்ளே எதுவும் வந்துவிடக் கூடாதென்று.
இன்றைக்கு
வெளியே போய்விடக் கூடாதென்று.