நூறு கிராமுக்கு

கிண்டி எஸ்டேட்டில் மழை விட்ட காலை.
மாதிரி எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு:
கறுப்பு எள் விழுது, தோல் நீக்காதது.
அனுப்பியவர் சகாயராணி, பட்டாபிராம்.
மூடியைத் திருகினால்
மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய்,
அடியில் தார் போல ஒன்று.
சாலை போடுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.
பிறகு வாசனை வந்தது,
அவர்கள் போய்விட்டார்கள்.

அதற்குள் மூன்று முறை போன்.
“கால்சியம் ஆயிரம் வந்துடுமா மேடம்?
அண்ணா நகர்க்காரன் பாட்டில்ல
ஆயிரத்து இருநூறு போட்டிருக்கான்.”
வருவதுதான் வரும் என்றேன்.
“விருத்தாசலத்துல வாங்கினது மேடம். நல்ல எள்ளு.”

நல்ல எள்ளைத்தான் உலையில் வைத்தேன்.
ஐந்து கிராம். ஐந்நூற்றைம்பது டிகிரி.
கொழுப்பு போகும், பாதிக்கு மேல் அதுதான்.
புரதம் போகும்.
கறிக்கு ஈடு என்று பெருமையாகச் சொல்வார்கள்,
போகட்டும், அதற்கு வேறு குடுவையில் வேறு கணக்கு.
உலை கேட்பது ஒன்றே ஒன்று:
எரியாதது என்ன வைத்திருக்கிறாய்?

மாலை, கிண்ணத்தில்
கால் கிராம் சாம்பல்.
வெள்ளை. ஊதினால் காணாமல் போகும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிறுப்போம்.

பெசன்ட் நகரில் ஒரு மண்சட்டியை
அண்ணன் இப்படித்தான் தூக்கிப் பார்த்து
“இவ்ளோதானா” என்றான்.
அஸ்தி என்றால் எலும்பு.
அன்றைக்கு யாரும் அர்த்தம் சொல்வதில்லை.
அம்மா குளியலறையில் விழுந்து ஒடியவில்லை,
ஒடிந்ததால் விழுந்தாள் என்றார் டாக்டர்.
அதன்பின் அமாவாசை தவறாமல்
அவளுக்கு எள்.
இருந்தபோது எங்கள் வீட்டில்
நல்லெண்ணெய் ஆகும், எள் ஆகாது.
சனிக்கிழமை விளக்கோடு சரி,
சமையலறைப் படி தாண்டாது.
எலும்பு இருந்தவரை கொடுக்கவில்லை.
எலும்பைக் கடலில் விட்டுவிட்டு
கைநிறைய இறைக்கிறான் அண்ணன்.
பக்கத்தில் நின்று
தண்ணீர் ஊற்றுவது நான்தான்.

சாம்பலை அமிலத்தில் கரைத்து
துளித்துளியாக விட்டேன்.
திராட்சைச் சிவப்பு
கடைசி ஒரு துளியில் நீலமாகும்.
இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன்,
அந்தத் துளியை மட்டும்
டிரெய்னிகளிடம் கொடுப்பதில்லை.

நூறு கிராமுக்கு
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்.
எண்பத்தெட்டு குறைகிறது.
அதைச் சகாயராணியிடம் சொல்ல வேண்டும்.
சொல்ல வேண்டாதது இன்னொன்று:
சுண்ணாம்பு மிகுதியும் இருப்பது தோலில்.
அதைப் பூட்டி வைத்திருப்பதும் அதே தோல்.
உள்ளதற்கு லேபிளில் கட்டம் உண்டு.
உடம்பில் சேர்வதற்கு இல்லை.

போன மாதம் எங்கள் ஃபிளாட்ஸில் இலவச முகாம்.
குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள்,
செருப்பு அளவு பார்ப்பது போல.
சீட்டில் மைனஸ் இரண்டு புள்ளி மூன்று.
மேலே ஒரு வரிசை எண்.
ஐம்பத்தொரு வயதில்
நானும் ஒரு மாதிரி.

ஆறரை. ஃபிர்தவ்ஸ் கிளம்பிவிட்டாள்.
மிச்சத்தைச் சீல் வைத்து
ஒரு மாதம் அலமாரியில் பூட்ட வேண்டும், விதி.
பூட்டினேன்.
கரண்டியில் ஒட்டியிருந்தது பற்றி
விதியில் ஒன்றும் இல்லை.
ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதீர்கள்
என்று சுவரில் இருக்கிறது.
எழுதி ஒட்டியது நான்.

முதலில் கசப்பு, தோலின் கசப்பு.
அப்புறம் சர்க்கரை இல்லாத ஓர் இனிப்பு,
வறுத்தவள் சரியான நேரத்தில்
அடுப்பை அணைத்திருக்கிறாள்.
மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு
இறங்க மாட்டேன் என்றது.

போன்.
“மேடம், எவ்ளோ வந்துச்சு?”
நாக்கைப் பிரிக்க முடியவில்லை.
“ஹலோ? ஆயிரமா மேடம்?”

ம் என்று ஒரு சத்தம்
தொண்டை வரை வந்துவிட்டது.
அதை விட்டுவிடாமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
சாம்பல் நிறுக்கும்போது நிற்பது போல.