போர்டோ என்கிற நிறம்

பத்தொன்பது வருஷமாக
போர்டோ என்று ஒரு நிறத்தைக்
கலக்கிக்கொண்டிருக்கிறேன்.
ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாவது டிரம்.
கிலோவுக்கு இத்தனை கிராம் சிவப்பு,
ஒரு சிட்டிகை கறுப்பு,
கடைசியில் ஃபார்மிக் ஆசிட்.
போர்டோ ஊரா ஆளா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

மாசியில் இத்தாலிக்காரன்
நானூறு தோலைத் திருப்பிவிட்டான்.
ஒரே வரி:
இது போர்டோ இல்லை, பீட்ரூட்.

இம்தியாஸ் தம்பி என் முகத்தைப் பார்க்காமல்
ஏசியைப் பார்த்துச் சொன்னார்:
"நான் தொடறதில்ல மாஸ்டர்.
நீங்க அதக் குடிச்சிருக்கீங்களா?"

இல்லை.
சர்ச்சில் கரண்டியளவு தருவார்கள்.
அது போதகரம்மா ஏலக்காய் தட்டிப்போட்டு
வீட்டில் காய்ச்சுகிற திராட்சைச்சாறு.
டாஸ்மாக்கில் கேட்டால்
கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும்,
கையில் இருப்பதுதான் பிராண்ட்.

அன்றிரவு போனில் பார்த்தேன்.
பன்னிரண்டு சிவப்பு ஒயின், ஒரே பெட்டி.
என்னென்ன என்று சொல்லமாட்டார்களாம்.
சொல்லாததற்காகப் பாதி விலை.
படத்தில் எல்லாம் முக்காடு போட்டு நின்றன,
கழுத்தில் ஒரு கேள்விக்குறி.
எங்கள் பின்கோடு போட்டேன்.
மன்னிக்கவும் என்றது.
மச்சான் எபனேசரின் பெங்களூர்ப் பின்கோடு போட்டேன்.
வாழ்த்துகள் என்றது.

"மாமா, இன்னா இது, பொணங்கணக்கா கனக்குது?"
"பிரிக்காத. கட்டிலுக்கடியில தள்ளு.
மாசத்துக்கு ஒண்ணு, நானே கையவிட்டு எடுப்பேன்."

இரண்டாவது சனிக்கிழமைகளில்
சாம்பிள் பையில், தோல்துண்டுகளுக்கு நடுவே,
ஒரு பாட்டில் படுத்துவரும்.
குப்பம் தாண்டியதும் வேர்க்க ஆரம்பிக்கும்.
ஜோலார்பேட்டையில் போலீஸ் ஏறுவார்.
"பையில என்ன?"
"தோல் சார்."
மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

முதல் பாட்டில் நாசிக்.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தால்
கத்தரிக்காய்.
அதற்கடுத்தது சட்டையில் பட்ட நாவல்பழம்.
ஒன்று, மழை விட்ட மறுநாள்
ஓடைத் தண்ணீர்.
எல்லாமே சிவப்பாம்.

ஆனால் வாயில் வைத்த கணம்
நாக்கு சுருங்கிக்கொண்டதே,
அது எனக்குத் தெரிந்த ஆள்.
கடுக்காய்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
தொட்டியில் விரல் விட்டு நக்கிப் பார்ப்போம்,
அதே துவர்ப்பு, அதே டானின்.
"ஹெப்சி, என் நாக்க இவனுங்க பதனிடறானுங்க!"

அவள் ஒரு மிடறு குடித்தாள்.
"இதுக்கா நாலாயிரத்து எண்ணூறு?"
மீதியை மட்டன் குழம்பில் ஊற்றினாள்.
கறி பஞ்சாக வெந்திருந்தது.

ஏழாவது புரட்டாசியில்.
லேபிளில் ஒரு கழுதை, பக்கத்தில் கிணறு,
எழுத்துக்கூட்டியும் வாயில் நுழையாத ஊர்.
ஞாயிறு காலை, வடக்கு ஜன்னல்.
நிறத்தை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்,
மற்றதெல்லாம் ஏமாற்றும்.
கண்ணாடி டம்ளரில் ஊற்றி
பக்கத்தில் வைத்தேன்,
திரும்பி வந்த நானூறில் ஒரு துண்டை.

டம்ளரைத் திருப்பினேன்.
துண்டைத் திருப்பினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன்.

இத்தாலிக்கு மெயில் அடிக்க உட்கார்ந்தேன்.
அன்புள்ள ஐயா என்பதற்கு மேல் போகவில்லை.
அவனுக்கு இந்த சீசன் காக்கி வேண்டும்.
நானூறு தோலும் பெரியமேட்டுக்குப் போய்
செருப்பாகி
பேர்ணாம்பட்டுக் கடையில் தொங்குகின்றன,
ஜோடி முந்நூற்றைம்பது.
ஒரு ஜோடி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அந்த ஜோடி சர்ச் முடிந்து வந்தது.
வெயிலோடு வெயிலாக, செருப்பைக்கூடக் கழற்றாமல்
என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள்.
"இது பரவால்ல."
இரண்டாவது மிடறில் விளிம்போரம் வழிந்து
ஒரு சொட்டு
அவள் கால்வாரில் விழுந்தது.

குனிந்து தேடினேன்.
வாரை விரலால் இழுத்துப் பார்த்தேன்.

"எங்க விழுந்துச்சு?" என்றாள்.

"விழல" என்றேன்.